மூன்று காப்பியும் மூன்று காலி ஃபைலும்

1. விசிறி

காரை நிறுத்திக் கதவைச் சாத்தும்போதே ஆபீசுக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. புல்வெட்டும் மெஷினை யாரோ உள்ளே கொண்டுபோய் ஓட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். போய்ப் பார்த்தால், தலைமைக் கிராணியின், அதாவது தலைமைக் குமாஸ்தாவின், மேஜைக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டரின் விசிறி. அத்தனை சின்ன விசிறிக்குள் அத்தனை கோபம் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. மலேசியாவில் ரந்தாவ் ஊரைச் சுற்றியுள்ள, எண்ணெய் எடுக்கும் நாலு செம்பனைத் தோட்டங்களின் ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு நான் ஒருத்திதான் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. விசிட்டிங் கார்டில் 'சீனியர் ஐடி எக்சிகியூட்டிவ்' என்று போட்டிருக்கும். நடைமுறையில், பிரிண்டருக்குள் குடித்தனம் நடத்தும் பல்லியைக் காலி பண்ண வைப்பதும், பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்பவர்களுக்கு அவர்களே மானிட்டரில் ஒட்டி வைத்திருக்கும் பாஸ்வேர்டைக் காட்டுவதும்தான் பெரும்பாலும். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இதைப் படிப்பதாக இருந்தால் இப்போதே ஓடிவிடலாம். நான் தடுக்க மாட்டேன்.

நாலு ஆபீசிலும் ஓடுவது லினக்ஸ். அதைப் போட்டவளும் நான்தான். மெஷின்கள் எல்லாம் வயசானவை, புதிய விண்டோஸ் அவற்றில் ஏறாது, தலைமையகம் புதுசு வாங்கித் தராது. லினக்ஸ் போட்டேன், ஓடியது. அதற்கு எனக்குக் கிடைத்த பரிசு, அன்றிலிருந்து எது கெட்டாலும் 'சாந்தி என்னமோ போட்டாங்க, அதிலேர்ந்துதான்' என்ற பேச்சு. ஒரு தோட்டத்தில் தண்ணீர்க் குழாய் வெடித்ததற்கும் இதைச் சொன்னார்கள். சத்தியமாகச் சொல்கிறேன்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மணி ஒன்பது. தலைமைக் கிராணி ராஜரத்தினம் எழுந்து நின்றார். ஐம்பத்தெட்டு வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பையில் இரண்டு பேனா. எனக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவள் காலேஜில் படிக்கிறாள், இவர் இன்னும் என்னை 'மிஸ் சாந்தி' என்றுதான் கூப்பிடுவார்.

"மெஷின் நேத்து மத்தியானத்திலேர்ந்து இப்படித்தான், மிஸ் சாந்தி. ஒரு கிளிக் பண்ணினா, தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பார்க்க வேண்டியிருக்கு. இன்னைக்குப் பார்த்து ஒரு தேடுற வேலை இருக்கு. நான் எப்படித் தேடுவேன்னா..."

"சார், முதல்ல நகருங்க. கதைய அப்புறம் பேசிக்கலாம்."

அந்த வாக்கியத்தை அவர் முடித்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருந்திருக்காது.

சுவரோரப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிளாஸ்டிக் ஃபைல். "என்னாக்கா, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலா? ரெண்டு மாத்திர குடுத்துப் பாருங்கலா" என்றாள். அவள்தான் பார்வதி, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா' அவளிடம் அடிக்கடி வரும். தோட்டத்து நர்சரியில் செம்பனைக் கன்று வளர்க்கிறாள். இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். ஆனால் பிறந்ததற்குக் காகிதம் கிடையாது. அப்பா அம்மா பதிவு செய்யவில்லை, கேட்பதற்கு அவர்கள் உயிரோடும் இல்லை. அதனால் கையில் இருப்பது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கே ஆயிரக்கணக்கில் கன்று வளர்த்தும் குடியுரிமை இல்லை. குடிமக்களுக்கான நீல ஐசி கேட்டு எழுதிப் போட்டு, எழுதிப் போட்டு, ஒருவழியாகச் சிரம்பான் பதிவு இலாகாவில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இன்றைக்கு, மத்தியானம் மூன்று மணிக்கு. தோட்டத்தில் பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வரவேண்டும்.

"போன தடவ பேப்பர் பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்கக்கா. இதையும் விட்டா மறுபடி எத்தன வருஷம்னு தெரியாது. என் பையன் கல்யாணத்துக்கு முந்தி நான் இந்த நாட்டுக்காரி ஆயிரணும், அவ்வளவுதான்."

அத்தாட்சி இருந்தது. அந்தக் காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் என்று ஒருவர் இருப்பார். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, காயம் கட்டுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர்தான். வந்தவர்கள் எல்லாரையும் பெரிய பதிவேட்டில் எழுதி வைப்பார். ஆஸ்பத்திரியை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பதிவேடுகளைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. முழுசாகத் தின்பதற்கு முன் நம் கிராணியார் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் பண்ணினார். அதோடு விடாமல், சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொரு பக்கத்தையும் டைப் அடித்து அந்த ஸ்கேனோடு சேர்த்து வைத்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. இரண்டாயிரத்துச் சொச்சம் பக்கம். பார்வதி பிறந்த பக்கம் அதில் எங்கோ இருந்தது. எடுத்து, பிரிண்ட் போட்டு, மேனேஜர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினால் போதும். மேனேஜர் பன்னிரண்டரைக்கு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பினால் அப்படியே தலைமையகம் போய்விடுவார். திங்கட்கிழமைதான் வருவார்.

ஆகப் பன்னிரண்டரை. எனக்கு மூன்றரை மணி நேரம். மெஷினை வேகமாக்கிக் கொடுத்தால் பக்கம் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்தேன். அவர் எப்படித் தேடுவார் என்று கேட்கத் தோன்றவில்லை.

2. பத்து நிமிஷ வீரம்

டெர்மினலைத் திறந்து top அடித்தேன். எந்த புரோகிராம் சிபியுவை எவ்வளவு தின்கிறது என்று அது காட்டும். முதல் வரியிலேயே ஆள் மாட்டினான். tracker-extract, நூறு சதவீதம். அதற்குக் கீழே அவன் பங்காளி tracker-miner.

லினக்ஸ் டெஸ்க்டாப்பில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இருக்கிற ஃபைலை எல்லாம் திறந்து படித்துப் பட்டியல் போடுகிற வேலை இந்த இருவருடையது. இண்டெக்சிங் என்பார்கள். எப்போதாவது நாம் ஒன்றைத் தேடினால் சட்டென்று எடுத்துக் கொடுப்பதற்காக, யாரும் கேட்காமலே உழைக்கிற ஜென்மங்கள். சாதாரணமாகப் படித்து முடித்ததும் படுத்துக்கொள்ளும். இங்கே முடிக்கவே இல்லை.

மேனேஜர் என்சிக் ஹஃபிஸ் அந்தப் பக்கமாகப் போனவர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். என்சிக் என்றால் மலாயில் மிஸ்டர், புவான் என்றால் மிஸஸ். சின்ன வயது, நல்ல மனுஷன், கம்ப்யூட்டரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதை எல்லாம் நம்புகிறவர்.

"மைனரா? பிட்காயின் மைனரா, புவான் சாந்தி? யார் போட்டது?" என்று மலாயில் கேட்டுவிட்டுக் கிராணியாரை ஒரு பார்வை பார்த்தார். ராஜரத்தினம் பிட்காயின் தோண்டுகிறார்! இரண்டு பேனாவை வைத்துத்தான் தோண்ட வேண்டும். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லி அனுப்பி வைத்தேன்.

இந்தப் பிரச்சினைக்கு இணையத்தில் போய்ப் பாருங்கள். ஆயிரம் பேர் ஒரே பதிலைத்தான் எழுதியிருப்பார்கள்: டிராக்கரை நிறுத்து, மறுபடி எழும்பாமல் மூடி வை, அது போட்ட பட்டியலை அழி, நிம்மதியாக இரு. நானும் அதைத்தான் செய்தேன். நாலு கட்டளை. கடைசியாக அடித்தது reset. அத்தனை நாளாகப் போட்டு வைத்திருந்த பட்டியல் ஒரே நொடியில் காலி.

விசிறி நின்றது. ஆபீசில் அப்படி ஓர் அமைதி. வெளியே லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. பார்வதி கை தட்டினாள்.

"அக்கா, நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்லா!"

மணி பார்த்தேன், ஒன்பது பதினைந்து. பத்து நிமிஷத்தில் முடித்துவிட்ட திமிரோடு, கிராணியார் தட்டில் வைத்திருந்த, உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப்பில் ஒன்றை எடுத்துக் கடித்தேன்.

3. தேடினால் இல்லை

கிராணியார் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். 'பதிவேடு' என்ற ஃபோல்டரைத் திறந்தார். மேலே இருக்கும் பூதக்கண்ணாடிப் படத்தைத் தொட்டு, 217 என்று அடித்தார்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தார்.

"இல்லைன்னு சொல்லுதே, மிஸ் சாந்தி."

"எந்த வருஷ ஃபோல்டர்னு பார்த்துத் திறங்க சார். எதுக்குத் தேடுறீங்க?"

"வருஷம் தெரிஞ்சா நான் ஏன் தேடுறேன்?"

அது நியாயமான கேள்வி. பார்வதி ஐசியில் பிறந்த தேதி ஜனவரி ஒன்று. "லயத்துல பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணுதான்க்கா பொறந்தநாளு. கேக்கு மிச்சம்" என்றாள். வயசும் குத்துமதிப்பாகப் போட்டது. எந்த வருஷம், எந்த மாதம், எதுவும் நிச்சயமில்லை. அப்பா பெயரை வைத்துத் தேடலாமென்றால், முனியாண்டி என்று தோட்டத்தில் ஒரே காலத்தில் ஏழு பேர். நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான், அப்பாவின் செக்ரோல் நம்பர். தோட்டத்து ஆள் பட்டியலில் ஒருவருக்கு ஒரு நம்பர். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது அந்த நம்பரைத்தான் கூப்பிடுவார்கள், இது ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் பால் வாளியிலும் அதைத்தான் பெயிண்டால் எழுதியிருப்பார்கள். டிரஸ்ஸரும் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் அதை எழுதுவார். முனியாண்டிகள் ஏழு பேர் இருக்கலாம். இருநூற்றுப் பதினேழு ஒருவர்தான்.

கிராணியார் எல்லாப் பக்கத்தையும் டைப் அடித்ததே இதற்காகத்தான். நம்பரைப் போட்டால், ஃபைலுக்கு உள்ளே இருக்கும் எழுத்தைத் தேடி எடுத்துத் தரும். அப்படி ஏற்கெனவே நாலைந்து பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஃபைலுக்கு உள்ளே தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தது எது? நான் கறிபாப் தின்றுகொண்டே கொன்று போட்ட டிராக்கர்.

கறிபாப்பைக் கீழே வைத்துவிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். கிராணியார் மறுபடி 217 அடித்துப் பார்த்தார். பார்வதி சிரிக்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்க வர்றதுக்கு முந்தி மெதுவாவாச்சும் இருந்துச்சுக்கா."

இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ மேனேஜர்களிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இதுபோல் எதுவும் உறைத்ததில்லை.

'ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தேடியிருக்கலாமே' என்று இதைப் படிக்கும் கெட்டிக்காரர்கள் கேட்பீர்கள். எழுதினேன். அந்த டாக்குமெண்ட் ஃபைல்களைப் பிரித்து உள்ளே பார்க்கிற மாதிரி அவசரமாக எழுதியதில், இரண்டு தடவை தப்பாக ஓடியது. பக்கத்தில் ஒரு பெண் பிளாஸ்டிக் ஃபைலோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஸ்கிரிப்ட் எழுதிப் பாருங்கள். அப்புறம் பேசலாம்.

பத்தேகாலுக்கு, சரி போ என்று டிராக்கரையே மறுபடி எழுப்பினேன். இரண்டாயிரம் பக்கம்தானே, புதிதாகப் பட்டியல் போட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? விசிறி பழையபடி அலறத் தொடங்கியது. இன்னும் எத்தனை ஃபைல் பாக்கி என்று கேட்டுப் பார்த்தேன். இரண்டு லட்சம் என்றது. கொஞ்சம் பொறுத்துக் கேட்டால் ஐந்து லட்சம். பிறகு ஒன்பது லட்சம். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நாட்டில் உள்ள எல்லா டிரஸ்ஸரும் சேர்ந்து எழுதினாலும் இத்தனை பக்கம் வராது.

அப்போதுதான், காலையில் முதல் நிமிஷம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். இந்த டிராக்கர் அப்படி என்னத்தைத்தான் படிக்கிறது? அதைப் பின்தொடர்ந்து போனேன். 'பதிவேடு' ஃபோல்டருக்குப் பக்கத்தில் மூன்று ஃபோல்டர்கள் இருந்தன. பெயர்: வெள்ளை, ரோஸ், மஞ்சள். வெள்ளையைத் திறந்தால் உள்ளே தேதி போட்டு நானூறு ஃபோல்டர். ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் பக்கமும் முழுசாக. ரோஸிலும் அப்படியே. மஞ்சளிலும் அப்படியே.

மூன்று ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் நானூறு நாள், ஒவ்வொரு நாளுக்கும் இரண்டாயிரம் பக்கம். இருபத்து நாலு லட்சம் ஃபைல். அதோடு ஒவ்வொரு நாள் சாயங்காலமும் புதிதாக ஆறாயிரம் வந்து சேர்கிறது. பாவம் டிராக்கர், படித்து முடிக்கும் முன் அடுத்த வண்டி வந்து இறங்கிவிடும். ஒன்றரை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி, நேற்று மத்தியானம் மூச்சு முட்டிவிட்டது.

4. புத்தகம்

எனக்குக் கோபம் வந்தால் வாயில் என்ன வருகிறது என்று எனக்கே தெரியாது.

"ஐயோ சார்! எந்த மடையன் சார் உங்கள தினமும் மூணு காப்பி எடுத்து வைக்கச் சொன்னான்?"

கிராணியார் பையிலிருந்து சாவியை எடுத்தார். எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தார். சிவப்பு அட்டை போட்ட நீளமான புத்தகம் ஒன்றை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

அது உத்தரவுப் புத்தகம். தோட்டத்து ஆபீசில் பழைய வழக்கம் அது. மேலிடத்திலிருந்து யார் வந்து எதைச் சொன்னாலும், வாய்ப்பேச்சாக விட மாட்டார்கள். கிராணி அதை அந்தப் புத்தகத்தில் எழுதுவார், சொன்னவர் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பிறகு 'நான் அப்படிச் சொல்லவே இல்லையே' என்று யாரும் கையை விரிக்க முடியாது. மற்ற தோட்டங்களில் இந்தப் பழக்கம் எப்போதோ போய்விட்டது. ராஜரத்தினம் ஆபீசில் அது செத்தாலும் போகாது.

பக்கங்களைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்து வாசித்தார்.

"'தினமும் வேலை முடிந்ததும் எல்லா ஃபைல்களையும் மூன்று காப்பி எடுத்து வைக்க வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது. உத்தரவிட்டவர், மிஸ் சாந்தி, ஐடி.' கீழே கையெழுத்து இருக்கு. பார்க்கிறீங்களா?"

பார்த்தேன். என் கையெழுத்துதான்.

பார்வதி எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். "அந்த மடையன் பொம்பளையாக்கா?" என்றாள்.

எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. லினக்ஸ் போட்ட புதிதில் நாலு தோட்டத்துக் கிராணிகளையும் உட்கார வைத்து ஒரு வகுப்பு எடுத்தேன். பேக்கப் எடுப்பதைப் பற்றி மைக் பிடித்த அரசியல்வாதி மாதிரி பேசினேன். 'மூணு காப்பி! மூணு காப்பி! மறக்காதீங்க!' நான் நினைத்தது, மெஷினில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று, பழசின் மேலேயே புதுசை எழுதிக்கொள்வது. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, யாருக்குத் தெரியாது என்ற நினைப்பு. கடைசியில் கிராணியார் புத்தகத்தை நீட்டினார். சாப்பாடு வந்துவிட்டது, நாசி லெமாக் ஆறிக்கொண்டிருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

அவருக்கோ மூன்று காப்பி என்றால் அர்த்தம் ஒன்றுதான். கார்பன் தாள் வைத்து எழுதிய காலத்திலிருந்து, வெள்ளை தலைமையகத்துக்கு, ரோஸ் மேனேஜருக்கு, மஞ்சள் ஆபீசுக்கு. ஒரு நாள் எழுதியதன் மேல் மறுநாள் எழுதுவது என்ற பேச்சே கிடையாது. அது போர்ஜரி. அதனால் தேதி போட்டு, தேதி போட்டு, லீவு நாள் தவிர ஒரு நாள் விடாமல் சேர்த்து வைத்திருக்கிறார். நான் சொன்னதை என் வேலைக்காலத்தில் அட்சரம் பிசகாமல் செய்த ஒரே மனிதர் இவர்தான்.

"சரி சார், தப்பு என்னோடதுதான். இந்த மூணையும் அழிச்சிடுறேன்."

"முடியாது."

"சார்!"

"உத்தரவு இருக்கு. அத ரத்து பண்ணி இன்னொரு உத்தரவு எழுதி, மேனேஜரும் கையெழுத்துப் போட்டா அழிக்கலாம். தோட்டத்து ரிக்கார்ட, அவசரத்துல அழிக்க விடமாட்டேன்."

மணி பதினொன்று ஐந்து. சண்டை போட நேரமில்லை. தவிர, இரண்டு மணி நேரத்துக்கு முன் அவசரத்தில் ஒன்றை அழித்தவள் நான், எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சண்டை போடுவது?

டிராக்கரில் ஒரு வசதி உண்டு. எந்த ஃபோல்டரில் .trackerignore என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதோ, அதற்குள் அது நுழையாது. ஃபைலுக்குள் ஒன்றும் எழுத வேண்டாம், பெயர் மட்டும் இருந்தால் போதும். மருந்தடித்த காட்டு முனையில் மண்டையோடு படம் போட்டுப் பலகை நட்டு வைப்பார்களே, அது மாதிரி. வெள்ளையில் ஒன்று வைத்தேன், ரோஸில் ஒன்று, மஞ்சளில் ஒன்று. மூன்று காலி ஃபைல். எந்தக் காப்பியும் அழியவில்லை, கிராணியாரின் புத்தகத்தில் இருந்த உத்தரவும் கெடவில்லை. அரைகுறைப் பட்டியலை அழித்து டிராக்கரை மறுபடி முதலிலிருந்து ஓட விட்டேன்.

பாக்கி எத்தனை? இரண்டாயிரத்து நூறு. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ஆயிரத்து எண்ணூறு. ஆயிரத்து இருநூறு. மெஷின் கிழடு, மெதுவாகத்தான் இறங்கியது. மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பதினொன்று ஐம்பதுக்கு விசிறியின் சத்தம் தானாகத் தணிந்தது. இந்தத் தடவை யாரும் அதன் கழுத்தை நெரிக்கவில்லை. வேலை முடிந்தது, படுத்துக்கொண்டது.

5. இருநூற்றுப் பதினேழு

கிராணியார் அடித்தார். 217.

பதினாலு பக்கம் வந்தது.

பார்வதி என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். கிராணியார் ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தார். முனியாண்டி, இருநூற்றுப் பதினேழு, காய்ச்சல். முனியாண்டி, இருநூற்றுப் பதினேழு, நாய்க்கடி. அடுத்த மாதம் மறுபடி நாய்க்கடி.

"அது கங்காணி வீட்டு நாயி! அப்பா சாகுற வரைக்கும் அதத் திட்டிக்கிட்டே இருப்பாரு" என்றாள் பார்வதி.

அடுத்தது, தீபாவளிக்கு மறுநாள், சாக்கடையில் விழுந்து நெற்றியில் காயம், நாலு தையல். டிரஸ்ஸர் ஓரத்தில் ஆங்கிலத்தில் 'மிகுந்த போதை' என்று குறித்திருந்தார். கிராணியார் அதையும் விடாமல் டைப் அடித்திருந்தார்.

"அம்மாகிட்ட மரம் விழுந்துச்சுன்னு சொன்ன மனுஷன்!" அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் ஓடியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

பதினோராவது பக்கத்தில் இருந்தது. இருநூற்றுப் பதினேழின் மனைவி, அஞ்சலை. சுகப் பிரசவம். பெண் குழந்தை, ஆறரை ராத்தல். தாயும் சேயும் நலம். தேதி, ஆகஸ்டு மாதம் பதினெட்டு.

அவள் அந்தத் தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "ஆகஸ்டுலயா பொறந்தேன்?" என்று என்னைக் கேட்டாள், என்னவோ நான்தான் பிரசவம் பார்த்த மாதிரி. "அப்ப நான் ஏழு மாசம் சின்னவலா!"

அழுதுவிட்டேன். ஐடி எக்சிகியூட்டிவ் ஆபீசில் அழக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

வாசலில் என்சிக் ஹஃபிஸ், தொழுகைக்குப் போகிற பாஜு மெலாயு உடை போட்டு, கையில் கார் சாவி. "சுடா சியாப்?" என்றார். முடிந்துவிட்டதா என்கிறார். மணி பன்னிரண்டு பதினைந்து. ஸ்கேன் பக்கத்தைப் பிரிண்டுக்குக் கொடுத்தேன். ஒன்று வந்தது. எடுக்கப் போனால், கிராணியார் தட்டில் ரோஸ் தாளை வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு போதும்! நேரமில்ல!"

அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பிரிண்டரில் ஒரு பக்கம் வர ஒரு யுகம் ஆகும். ரோஸ் வந்தது. பிறகு மஞ்சள். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேனேஜர் மூன்றிலும் கையெழுத்துப் போட்டார். கிராணியார் மூன்றிலும் முத்திரை குத்தி, நேராக விழுந்திருக்கிறதா என்று வேறு சரிபார்த்தார். பன்னிரண்டு இருபத்தெட்டு.

என் காரில்தான் சிரம்பானுக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் பார்வதி தன் அப்பாவின் நாய்க்கடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். கவுண்டரில் இருந்த அம்மாள் வெள்ளைத் தாளை வாங்கிப் படித்தார், இரண்டு தடவை படித்தார். பிறகு மலாயில் சொன்னார்: இது எங்கள் ஃபைலுக்கு. மேலிடத்துக்கு அனுப்ப இன்னொன்று வேண்டும். பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்திக் கொடுக்க ஒன்று வேண்டும். எல்லாம் மேனேஜர் கையெழுத்தோடு இருக்க வேண்டும், போட்டோஸ்டாட் செல்லாது. மூன்று இருக்கிறதா?

பார்வதி ரோஸையும் மஞ்சளையும் எடுத்து நீட்டினாள். என் பக்கம் திரும்பவே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது, சிரிப்பில்.

6. கற்றது

திங்கட்கிழமை முதல் வேலையாக, உத்தரவுப் புத்தகத்தில் புதிய உத்தரவு எழுதினேன். வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி, தலைமையகத்து சர்வரில் ஒரு காப்பி, பழசின் மேல் புதுசு எழுதலாம், அது போர்ஜரி ஆகாது. நானும் மேனேஜரும் கையெழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகுதான் கிராணியார் இருபத்து நாலு லட்சம் ஃபைலை அழிக்க விட்டார். அழிக்கவே சாயங்காலம் வரை ஆனது. டிராக்கர் இன்றைக்கும் அங்கே ஓடுகிறது. சத்தமே இல்லை.

புதிதாக வரும் பிள்ளைகளே, சிபியு நூறு சதவீதம் ஓடினால் அந்த புரோகிராமைக் கொல்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். அது எதைப் படிக்கிறது? அதை யார் பயன்படுத்துகிறார்? இரண்டாவது கேள்விக்கு top பதில் சொல்லாது. பக்கத்தில் நின்று, 'நான் எப்படித் தேடுவேன்னா' என்று ஆரம்பிக்கிற மனிதர்தான் சொல்வார். அவரைப் பேச விடுங்கள். அப்புறம், எதிலாவது கையெழுத்துப் போடச் சொன்னால் படித்துவிட்டுப் போடுங்கள், நாசி லெமாக் ஆறினாலும் பரவாயில்லை.

பதினான்கு மாதம் கழித்து, பிரிண்டரில் பல்லி புகுந்துவிட்டது என்று அந்த ஆபீசுக்குப் போயிருந்தேன். பார்வதி நர்சரியிலிருந்து மண் கையோடு ஓடி வந்தாள். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, கிராணியாரின் மேஜையில் ஒன்றை வைத்தாள். நீல ஐசி. பிறந்த தேதி, ஆகஸ்டு பதினெட்டு.

"படத்துல கோழி திருடுனவ மாதிரி இருக்கேன்லா. பரவால்ல, சொந்த நாட்டுத் திருடி" என்றாள்.

கிராணியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். யாராவது ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"சார், இத மூணு காப்பி எடுத்து வைங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்து, சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்து விரித்து, பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"எழுதிக் கையெழுத்துப் போடுங்க, மிஸ் சாந்தி."

எழுதினேன். இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.